வாசலில் கழற்றிய வாள்

அந்த நாட்டு அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆலோசனை மண்டபத்துக்குள் காவலர்கள் வேலோடு நிற்பார்கள். அமைச்சர்கள் இடுப்பில் குறுவாள் இருக்கும். விருந்தாளியாக வரும் சிற்றரசர்கள்கூட வாளோடுதான் உட்காருவார்கள். படைகளுக்கெல்லாம் தலைவரான தளபதி மட்டும் தன் வாளைக் கழற்றி வாயிற்காவலனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போக வேண்டும்.

மழவராயர் அந்தப் பதவிக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்த வழக்கம் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, அவர் தன் ஆசிரியை இளநாச்சியைப் பார்க்கப் போனார். ஆசிரியை அவரைவிடப் பத்து வயது இளையவர். மழவராயர் தலை நரைத்த பிறகு எழுத்துப் படிக்க அவரிடம் வந்தவர். படிக்கத் தெரிந்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை.

அன்று அவரோடு மூன்று படைத்தலைவர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் வேலிக்கு வெளியே குதிரைகளோடு நின்றுகொண்டார்கள்.

இளநாச்சி தோட்டத்தில் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தார். கையில் அரிவாள்.

"வாருங்கள் சேனாபதியாரே. முகம் ஏன் இப்படி இருக்கிறது? குதிரை கடித்துவிட்டதா?"

"குதிரை கடித்தால் மருந்து இருக்கிறது, அம்மா."

"அப்படியானால் அரசர்."

மழவராயர் கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"ஆற்றைக் கடந்து போய் அக்கரைக் கோட்டையைப் பிடிக்கச் சொல்கிறார். இந்த ஆடி வெள்ளத்தில். எதிரி மதிலைக் கட்டி முடிப்பதற்குள் போக வேண்டுமாம். மாசியில் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும், அப்போது போகலாம் என்றேன். மதிலுக்கு ஏணி வைக்கலாம், வெள்ளத்துக்கு எதை வைப்பது என்று கேட்டேன்."

"அதற்கு என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் பேசிய நேரமெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்."

"வாசலில் என்ன இருந்தது?"

"இவர்கள் மூவரும்தான். காவலனிடம் வாளைக் கொடுக்க மனம் வரவில்லை. குதிரைப்படைத் தலைவன் விடங்கனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்."

விடங்கன் வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்கள். இன்று மாலை மறுபடியும் சபை கூடுகிறது. இன்று முடிவாகிவிடும். நாளை விடிந்தால் ஆற்றில் இறங்க வேண்டும். இன்றைக்குத் தளபதி வாளோடு போகட்டும். நாங்களும் கூடவே உள்ளே போகிறோம். அரசர் எப்படிக் கேட்காமல் இருப்பார் என்று பார்த்துவிடலாம்!"

"தம்பிக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது" என்றார் இளநாச்சி.

மழவராயர் சிரிக்கவில்லை.

"அம்மா, பன்னிரண்டாயிரம் பேர் அந்த வெள்ளத்தில் இறங்கப் போகிறார்கள். அவர்களுக்காகப் பேச நான் ஒருவன்தான் இருக்கிறேன். வாசலில் நிற்கிறவனுக்கு வேல் உண்டு. கணக்குப் பார்க்கிற அமைச்சருக்குக் குறுவாள் உண்டு. எனக்கு மட்டும் ஏன் வெறுங்கை? நான் இன்று வாளோடு போனால் என்ன?"

இளநாச்சி அரிவாளைக் கீழே போட்டார். உள்ளே போய் ஒரு செம்பு நிறையப் பானகம் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"வெயிலில் வந்திருக்கிறீர்கள். முதலில் இதைக் குடியுங்கள்."

சொல்லிவிட்டு மறுபடியும் வாழை மரத்தடிக்குப் போனார்.

மழவராயர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு செம்பை எடுத்தார். அது அவர் வாய்க்குப் போவதற்குள், பின்னால் வேகமாகக் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினார். இளநாச்சி அரிவாளை ஓங்கியபடி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

தான் எப்போது எழுந்தோம் என்று மழவராயருக்கே தெரியாது. அவருடைய இடக்கையில் செம்பு இருந்தது. வலக்கை ஆசிரியையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வேலியைத் தாண்டிக் குதித்த விடங்கன் வாளைப் பாதி உருவியிருந்தான்.

"நான் இப்போது என்ன சொன்னேன்?" என்று கேட்டார் இளநாச்சி.

"அம்மா, அரிவாளை ஓங்கிக்கொண்டு..."

"அரிவாளைப் பற்றிக் கேட்கவில்லை. நான் என்ன சொன்னேன்?"

மழவராயர் யோசித்தார். ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

"விடங்கா, உனக்கு?"

"ஏதோ கத்தினீர்கள் அம்மா. அவ்வளவுதான் தெரியும்."

தளபதி மணிக்கட்டை விட்டார். இளநாச்சி அரிவாளை மரத்தடியில் வைத்துவிட்டு வந்து அவர் எதிரில் நின்றார். முன்பைவிட மெல்லிய குரலில் சொன்னார்:

"குடிக்காதீர்கள். செம்புக்குள் குளவி இருக்கிறது."

மழவராயர் செம்புக்குள் பார்த்தார். பானகத்தின் மேல் ஒரு மஞ்சள் குளவி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"குளவியை நீங்களே பிடித்துப் போட்டீர்களா, அம்மா?" என்றான் விடங்கன்.

"வெல்லத்துக்கு அதை யாராவது அழைக்க வேண்டுமா, தம்பி? முதலில் அந்த வாளை உள்ளே போடு. வாழைக்கன்றை மிதித்துக்கொண்டு நிற்கிறாய்."

மழவராயர் செம்பைக் கீழே வைத்தார்.

"அம்மா, இரண்டு தடவையும் இதையேதான் சொன்னீர்களா?"

"ஒரு சொல்லும் மாற்றவில்லை."

அவர் ஆசிரியையைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். வெளியே வந்ததும் படைத்தலைவர்களிடம், "மூவரும் பாசறைக்குப் போங்கள்" என்றார்.

"நீங்கள் தனியாகவா போகிறீர்கள்?" என்றான் விடங்கன். "அரசர் அப்போதும் கேட்காவிட்டால்?"

"நாளை ஆற்றில் எனக்குப் பின்னால் வா."

மறுநாள் மழவராயர் மறுபடியும் வந்தார். இம்முறை தனியாக வந்தார். இளநாச்சி சாப்பாட்டுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"உடை நனையவில்லையே" என்றார்.

"நனையவில்லை, அம்மா. நேற்று வாளைக் காவலனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அரசர் வாசலைப் பார்த்தார். 'உங்கள் ஆட்கள் எங்கே?' என்றார். 'பாசறையில்' என்றேன். வாசலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு முதல்தடவையாக, 'தண்ணீர் எவ்வளவு ஆழம்?' என்று கேட்டார்."

"அப்புறம்?"

"விளக்கு ஏற்றும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், 'இதையெல்லாம் கேட்ட பிறகும் நான் போகச் சொன்னால்?' என்றார்."

இளநாச்சி இலை நறுக்குவதை நிறுத்தினார்.

"'முதலில் இறங்குவது நான். இறங்குவதற்கு முன் இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்வேன்' என்றேன். மாசிவரை பொறுப்போம் என்று சொல்லிவிட்டார்."

"நல்லது. உட்காருங்கள், சாப்பிடலாம்."

மழவராயர் உட்காரவில்லை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது.

"இன்னொன்றும் நடந்தது, அம்மா. 'உங்களைப்போல் நம்பத்தக்கவர் எனக்கு வேறு யாரும் இல்லை. இனி நீங்கள் வாளைக் கழற்ற வேண்டாம்' என்றார். தளபதி வாளோடு மண்டபத்துக்குள் வரலாம் என்று வாசலில் கல்வெட்டே வைக்கப்போகிறாராம். நான் சரி என்று சொன்னால் போதும், நாளை சிற்பி வேலையைத் தொடங்கிவிடுவான்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"உங்களைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். நேற்று நீங்கள் காட்டியதை நான் மறக்கவில்லை. ஆனால் இப்போது அரசருக்கு என்னைப் பார்த்து அச்சம் இல்லையே. அந்த வாளை அவருக்கு எதிராக நான் எடுக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்."

"பிறகு என்ன தடை, அம்மா?"

இளநாச்சி நறுக்கிய இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"கல்வெட்டில் உங்கள் பெயர் இருக்குமா?"

"இல்லை. 'தளபதி' என்றுதான் இருக்கும்."

"சேனாபதியாரே, உங்களை எனக்குத் தெரியும். உங்களுக்குப் பிறகு அந்த வாசலுக்கு வரப்போகிறவர் யார்?"