மழை வரட்டும் என்ற அழுங்கு

கரட்டுக் காட்டில் ஒரு அழுங்கு, எறும்புதின்னி என்பார்களே, அது இருந்தது. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். பயம் வந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். அதற்கு ஒரே ஒரு குட்டி. பெயர் மொச்சை. மொச்சை எப்போதும் அம்மாவின் வாலைப் பிடித்துத் தொற்றிக்கொண்டே திரியும்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. சுனை வற்றிவிட்டது. கரையான் புற்றெல்லாம் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. எவ்வளவு தோண்டினாலும் அரை வயிறுதான். போதாததற்கு, எங்கிருந்தோ ஒரு சிறுத்தை வேறு வந்து சேர்ந்திருந்தது.

"அம்மா, சறுக்கு விளையாடலாமா? இந்தச் சரிவில உருண்டு போலாம்மா!"

"மழை வரட்டும்டா!"

"அப்போ ஒரு கதை?"

"மழை வரட்டும்னு சொன்னேன்ல!"

"மூக்கோட மூக்கு உரசலாமா?"

"அதுக்கும் மழை வரட்டும்!"

"மூக்கு உரச மழை எதுக்கும்மா?"

அம்மா தலை குனிந்து மறுபடி தோண்டியது. பாசம் இல்லாமல் இல்லை. கவலை அதன் வாயை அடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

பக்கத்து வளையில் இருந்த முள்ளம்பன்றி அக்கா மட்டும் மெச்சிக்கொண்டது. "நீ செய்றதுதான் சரி! கஷ்ட காலத்துல பிள்ளைங்களோட என்ன சிரிப்பு? நானெல்லாம் என் பிள்ளைங்க முகத்தைப் பார்த்தே எத்தனையோ நாளாச்சு!" என்று பெருமையாகச் சொன்னது.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். சரிவின் உச்சியில் அம்மா அழுங்கு புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. திடீரென்று சிறுத்தை எதிரே வந்து குதித்தது.

"ஆகா! இன்னிக்கு எனக்கு விருந்து!"

கண் மூடித் திறப்பதற்குள் அம்மா மொச்சையை வயிற்றோடு சேர்த்து இழுத்துச் சுருண்டுகொண்டது. சிறுத்தை கடித்துப் பார்த்தது. பல்தான் வலித்தது.

"எவ்வளவு நேரம் இப்படிக் கிடப்பே? உன் குட்டி பயந்து திமிறும். கொஞ்சம் இடம் கிடைச்சாப் போதும், என் நகம் உள்ளே வந்துடும்!"

அது சொன்னபடியே ஆனது. உள்ளே இருட்டு. மொச்சை நடுங்கியது. "என்னை விடும்மா! நான் ஓடுறேன்!" என்று காலை உதைத்தது. உதைக்க உதைக்கப் பந்து தளர்ந்தது. நகத்தின் நுனி உள்ளே நீண்டது.

அதட்டினால் குட்டி இன்னும் அழும். அம்மா என்ன செய்தது தெரியுமா? தன் மூக்கைக் குட்டியின் மூக்கோடு மெல்ல உரசியது.

"மொச்சை, சறுக்கு கேட்டியே, போலாமா?"

உதைப்பது நின்றது. "மழை வரலையேம்மா?"

"வராட்டிப் போகுது! என்னை இறுக்கிப் பிடிச்சுக்கோ. காலை நீட்டினா நீ அவுட்டு!"

அம்மாவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆனால் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அது அல்லவா தாய்!

மொச்சை கெட்டியாக ஒட்டிக்கொண்டது. பந்து இறுகியது. நகம் நசுங்கிய சிறுத்தை, "ஆ!" என்று கத்திப் பந்தை ஓங்கி ஓர் அறை அறைந்தது.

பந்து கடகடவென்று சரிவில் உருண்டது.

"ஐ! இன்னும் வேகமாத் தள்ளு மாமா!" என்று உள்ளேயிருந்து மொச்சை கத்தியது. கூடவே கெக்கெக்கே என்று சிரிப்பு!

"நான் தின்ன வந்தேனா, விளையாட்டுக் காட்ட வந்தேனா?" என்று சிறுத்தை திகைத்துப்போய் ஓடி வந்தது. அதற்குள் பந்து காரைமுள் புதருக்குள் புகுந்துவிட்டது. செதிலுக்கு முள் உறைக்குமா? சிறுத்தைதான் ஆத்திரத்தில் மூஞ்சியை உள்ளே விட்டது. மூக்கெல்லாம் முள்!

"ஐயோ! சிரிக்கிற இரை எனக்கு வேண்டவே வேண்டாம்!" என்று ஓடியதுதான். அந்தப் பக்கம் அது திரும்பவே இல்லை.

புதருக்குள் அம்மா மெல்ல விரிந்தது.

"அம்மா! இன்னொரு தடவை!" என்றது மொச்சை.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீரும் வந்துவிட்டது.

மறுநாளும் மழை இல்லை. புற்றும் அப்படியேதான் இறுகிக் கிடந்தது. ஆனால் தோண்டி முடித்ததும் இரண்டும் சரிவில் உருண்டன. முள்ளம்பன்றி அக்கா முகத்தைச் சுளித்தது.

"மழையே வரல, உனக்கென்னடி கொண்டாட்டம்?"

"மழை வர்றப்ப வரட்டும்க்கா. அதுவரைக்கும் இவன் குட்டியாவே இருப்பானா?"

முள்ளம்பன்றி அக்கா விறுவிறுவென்று தன் வளைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அதன் குரல் கேட்டது.

"டேய் பசங்களா, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கடா! உங்க முகத்தைப் பார்க்கணும்!"

கஷ்டம் தீரட்டும் என்று பிள்ளையின் சிரிப்பைத் தள்ளிப் போடாதீர்கள். கஷ்டத்தைத் தாண்ட அந்தச் சிரிப்பே கை கொடுக்கும்.