நாற்பத்தெட்டு வயதில் காளை தாண்டியவர்

வெகு காலத்துக்கு முன்பு, ஆப்பிரிக்காவில் கெரேமா என்றொரு நாட்டை லாலோ என்ற அரசர் ஆண்டுவந்தார். காலையில் ஒருவனுக்குப் பதவி கொடுப்பார், மத்தியானம் பிடுங்குவார், சாயங்காலம் "அவன் எங்கே, ஆளையே காணோம்?" என்று கேட்பார். அவரிடம் இருபது வருஷம் தாக்குப்பிடித்த ஒரே ஆள் அமைச்சர் பார்கா. எப்படி என்று கேட்டால், "எனக்கு வீரம் கிடையாது, வாய் மட்டும்தான். வீரம் இருந்தவர்கள் எல்லாரும் முதல் வாரமே போய்விட்டார்கள்" என்பார்.

கெரேமா மக்களுக்கு ஒரு வழக்கம். வயதுக்கு வந்த பையன், வரிசையாக நிறுத்திய ஏழு காளைகளின் முதுகுமேல் ஓடி மறுபக்கம் இறங்க வேண்டும். தாண்டினால்தான் ஆண்மகன். தாண்டாதவன் தலை நரைத்தாலும் பொடியன்தான். அவனுக்குக் கல்யாணம் கிடையாது. அடுத்தவர் கல்யாணத்தில் அவன் பேசும் பேச்சும் செல்லாது.

பார்காவோ, தம் முறை வந்த அன்று வயிற்றுவலி என்று சொல்லிச் சோளக் குதிருக்குள் ஒளிந்துகொண்டவர். அப்புறம் ஊர் மாறினார், பதவி வந்தது, கேட்பாரில்லை. நாற்பத்தெட்டாவது வயதில் அவருக்கு ஷிர்மாமேல் ஆசை வந்தது. ஷிர்மா கணவனை இழந்தவள், மாட்டு வைத்தியம் பார்ப்பவள். மாட்டைக் கண்டால் மூன்று தெரு சுற்றிப் போகிற மனிதருக்கு மாட்டு வைத்தியச்சிமேல்தானா மனசு போக வேண்டும்? போய்விட்டது, என்ன செய்ய. அவளை நினைத்தால் களி தொண்டையில் இறங்கவில்லை.

நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டார் வழக்கப்படி கேட்டார்கள்: "நீங்கள் தாண்டியபோது காளையின் கொம்பைப் பிடித்தவர் யார்?"

பார்கா மறுபடியும் வயிற்றுவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அவர் தாண்டாதவர் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த மாட்டுப்பட்டி அதிகாரி கோலெக்கு இது போதாதா? மறுநாளே சபையில் எழுந்தான். "அரசே, இருபது வருஷமாக நமக்கு ஆலோசனை சொன்னது ஒரு பொடியன்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "உண்மையா, பார்கா?"

"உண்மைதான் அரசே. பொடியனுக்கு மூட்டுவலி வேறு இருக்கிறது."

"அப்படியானால் நாளைக் காலை தாண்டும். ஒருமுறை விழுந்தாலும் பதவி போச்சு. பையன்களோடு கன்று மேய்க்கப் போக வேண்டும். ஷிர்மாவையும் மறந்துவிட வேண்டும்."

"காளைகளை நானே பார்த்துப் பொறுக்குகிறேன்" என்றான் கோலெ.

பார்கா கணக்குப் போட்டார். பதவி போனால் போகட்டும், ஷிர்மா போய்விடுவாளே. பயத்தில் அவருக்கு எப்போதும் மூளை நன்றாக வேலை செய்யும்.

"நாளைவரை எதற்கு அரசே? விழுவேன் என்பது இப்போதே தெரியும். இப்போதே கிளம்புகிறேன். போகுமுன் ஒரு சங்கதி. அரசியாரைப் பெண் கேட்டுப் போனது யார்?"

"நீர்தான்."

"அவர் தகப்பனாரிடம் வாக்குக் கொடுத்து, வாக்கு வாங்கியது?"

"அதுவும் நீர்..." அரசர் பாதியில் நிறுத்தினார்.

"பொடியன் பேச்சு கல்யாணத்தில் செல்லாதே. பாவம் அரசியார், ஏழு வருஷமாக இங்கே விருந்தாளியாகத் தங்கியிருக்கிறார்."

பக்கத்தில் அமர்ந்திருந்த அரசி மெதுவாக எழுந்தாள். "அப்படியா? அப்பா ஊரில் இப்போது தேன் எடுக்கிற காலம். போகலாமென்று பார்க்கிறேன்."

கோலெ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"கோலெயின் இரண்டு கல்யாணத்துக்கும் பேசியவன் நான்தான்" என்றார் பார்கா. சிரிப்பு நின்றுவிட்டது.

"இதற்கு வழியே இல்லையா?" என்றார் அரசர். குரல் இறங்கியிருந்தது.

"உண்டு அரசே. ஒருவன் தாண்டிவிட்டால், அதற்கு முன் கொடுத்த வாக்கும் செல்லும் என்பது வழக்கம். ஆகவே எத்தனை முறை விழுந்தாலும் நான் தாண்டியாக வேண்டும்."

"விழுந்துகொள்ளும்."

"கண் தெரியாதவரையும் கால் முடியாதவரையும் ஒருவர் கைபிடித்துக் கூட்டிப் போகலாம் என்றும் வழக்கம் இருக்கிறது."

"உமக்கு என்ன குறை?"

"தைரியம் அரசே. பிறவியிலேயே இல்லை."

அரசர் அரசியைப் பார்த்தார். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "கையை நானே பிடிக்கிறேன். கோலெ, நீ வாலைப் பிடி."

மறுநாள் ஊரே கூடிவிட்டது. கோலெ ஏற்கெனவே பொறுக்கி நிறுத்தியிருந்த முரட்டுக் காளைகளை அவனே வால் பிடித்து அடக்க வேண்டியதாயிற்று. அவை முகம் பார்க்காமல் சாணி போட்டன. பார்கா முதல்முறை இரண்டாவது காளையிலிருந்தே விழுந்தார். அடுத்தமுறை விழுந்தது நேராகக் கோலெயின் தலைமேல். கூட்டத்திலிருந்து ஷிர்மா சொன்னாள்: "கீழே பார்க்காதீர்கள். முதுகெலும்பின்மேல் கால் வையுங்கள்."

மூன்றாம் முறை அரசரும் மேலே ஏறிக் கையைப் பிடித்தார். நாலாவது காளைமேல் பார்காவுக்கு ஒன்று உறைத்தது. நடுங்குவது தம் கை இல்லை.

"கொஞ்சம் மெதுவாகப் போம்" என்று அரசர் காதில் கிசுகிசுத்தார். "எனக்கும் இதுதான் முதல்முறை."

"அரசே?"

"மூன்று வயதில் பட்டம் கட்டிவிட்டார்கள். என்னைத் தாண்டச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?"

உலகத்திலேயே தாம் ஒருவர்தான் கோழை என்று முப்பது வருஷம் வெட்கப்பட்டதை நினைத்துப் பார்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு பயமும் போயிற்று. அரசரின் கையை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு மிச்சக் காளைகளையும் தாண்டிக் குதித்தார். "அரசர் கைபிடித்ததால் பிழைத்தேன்" என்று ஊர் கேட்கச் சொன்னார்.

ஷிர்மா அவர் முகத்துச் சாணியைத் துடைத்துவிட்டு, மணப்பெண் அணிகிற மணிமாலையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். அரசர் கோலெயைக் கன்று மேய்க்க அனுப்பினார். பார்காவுக்குத் தம் பக்கத்திலேயே ஆசனம் போட்டு, பத்துக் காளைகளும் பரிசு என்றார். "காளை மட்டும் வேண்டாம் அரசே" என்றார் பார்கா.

அன்று ஒரு பொடியன் ஆண்மகனானான் என்று கெரேமா முழுக்கப் பேசிச் சிரித்தார்கள். ஆனது இரண்டு பொடியர்கள் என்பது அரசருக்கும் அமைச்சருக்கும், இப்போது உங்களுக்கும்தான் தெரியும். அரசி காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.