சடச்சி விட்ட மூணாவது கல்லு

ஒரு மலையில, காட்டாத்துக்கு அந்தப் பக்கம் ஊரு, இந்தப் பக்கம் சாமைக் கொல்லை. அந்தக் கொல்லைக்கு ஒரு கவண்காரி இருந்தா. பேரு சடச்சி. கதிர் பிடிச்சதும் உசரமா ஒரு பரண் கட்டி, அது மேல ஏறி உக்காந்துக்குவா. குருவி வந்தா கவண்ல கல்லை வச்சு, விர் விர்னு சுத்தி, குருவியைப் பாத்து நேரா விடுவா. சொய்ங்குனு கொல்லையோட அந்தக் கோடி வரைக்கும் போகும். கேக்குறியா?

"ம்."

அவளுக்குத் தினம் கூழ் கொண்டார்றது தங்கச்சி ரங்கி. ஆத்து நடுவுல ஒரு பாறை, அது மேல கால் வச்சுத்தான் தாண்டி வருவா. ஒரு நாள் மேல் மலையில மழை. இங்க ஒரு சொட்டு இல்ல. ரங்கி பாறைக்கு வந்துட்டா, அப்போ தடதடதடன்னு தண்ணி வந்துருச்சு. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல. கூழ்ப்பானை போச்சு. தண்ணி அவ கணுக்கால்ல நிக்குது.

சடச்சி பரண்லருந்து எறங்கி ஓடி வந்தா. தேன் எடுக்க வந்த சின்னாண்டி மாமா இந்தக் கரையில கயிறோட நின்னுட்டிருந்தாரு. கயிறு கனம், வீசினா பாதிகூடப் போகல.

"மாமா, கல்லுல லேசான நாரு ஒண்ணைக் கட்டி நான் கவண்ல விடறேன். நாரு போச்சுன்னா அதோட இந்தப் பக்க நுனியில கயிறைக் கட்டலாம்."

"மூணு சுத்து நாருதான் இருக்கு, சடச்சி. பாத்து விடு."

மொத நாரைக் கட்டுனா. தங்கச்சி நெஞ்சுக்கு நேரா, பரண்ல விடற மாதிரியே விட்டா. சொய்ங். பாதி ஆத்துலயே பொளக். வெள்ளம் நாரை இழுத்து அறுத்துருச்சு.

"குருவின்னா விழுது, தங்கச்சிக்கு மட்டும் கை வரலையா?" அப்படின்னாரு மாமா. பயத்துல வந்த பேச்சு அது.

அப்புறம் ரெண்டாவது. மேல விட்டா தூரம் போகும்னு நெனச்சு, நல்லா அண்ணாந்து விட்டா. கல்லு போச்சு போச்சு, புள்ளியாச்சு. நேரமும் ஆச்சு. திரும்பி வந்து கரையோரமே பொளக். அந்த நாரும் போச்சு. தண்ணி ரங்கிக்கு முட்டியில. தூங்கிட்டியா?

"...ம்ம், இல்ல."

அப்போ சடச்சி கவணைக் கீழ வச்சுட்டா.

"என்ன பொண்ணே, நிக்கிற?"

"இருங்க மாமா. பரண்ல நேரா விட்டா அம்புட்டு தூரம் போச்சே, அது என் கையால இல்ல. பரண் உசரம். கல்லு கீழ வந்து சேர நேரம் ஆகும், அதுக்குள்ள முன்னால ஓடிரும். இங்க தரையில நேரா விட்டா விழ நேரமே இல்ல. அண்ணாந்து விட்டேன், நேரம் இருந்துச்சு, ஆனா முன்னால ஓட வேகம் இல்ல. பாதி வேகம் மேல போகணும், பாதி முன்னால போகணும்."

கவணை எடுத்து, கடைசி நாரைக் கல்லுல கட்டுனா. அக்கரையில பாறைக்குப் பின்னால ஒரு கரட்டு மலை. அதுக்கும் மேல, வெறும் வானத்தைக் குறி வச்சா. கவணைச் சுத்த ஆரம்பிச்சா.

ரங்கி பாத்தா, அக்கா தன்னைப் பாக்கல. வேற எங்கயோ பாக்கறா.

"அக்கா, என்னைப் பாருக்கா."

சடச்சி பாக்கல.

"அக்கா, போயிடாதக்கா."

அப்பவும் பாக்கல. விர் விர் விர்னு சுத்தி விட்டா. கல்லு வளைஞ்சு மேல போச்சு, ஒரு எடத்துல ஏறுறது நின்னுச்சு, ஆனா முன்னால போறது நிக்கல. அப்படியே வளைஞ்சு எறங்கி, ரங்கி தலையைத் தாண்டி அந்தப் பக்கம் பொளக். நாரு அவ தோள் மேல விழுந்துச்சு.

ரங்கி நாரை இழுத்தா, பின்னாலயே கயிறு வந்துச்சு. இடுப்புல கட்டிக்கிட்டா. இந்தப் பக்கம் மாமா கயிறைப் புங்கமரத்துல ஒரு சுத்துச் சுத்திப் பிடிச்சாரு. ரங்கி குதிச்சா. வெள்ளம் அவளை இழுத்துட்டுப் போயி, கயிறு தடுத்து, கரையில ஒதுக்குச்சு. முழங்கையெல்லாம் தோலு உரிஞ்சிருந்துச்சு.

ரங்கி கேட்டா. "நான் கூப்பிட்டேனே, ஏன் பாக்கல?"

"உன்னைப் பாத்துத்தான் மொதக் கல்லை விட்டேன்" அப்படின்னா சடச்சி.

ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க. பாறை இல்ல. அது மேலயும் தண்ணி போயிட்டிருந்துச்சு.

கேக்குறியா?

சரி. மேல போன கல்லு கீழ எறங்கிருச்சு, கதையும் எறங்கிருச்சு. நீ தூங்கு.