கண்மூடாத ஆள்காட்டி

குளத்தங்கரைப் புல்வெளியில் ஓர் ஆள்காட்டிக் குருவி தன் சேவலோடு வாழ்ந்து வந்தது. ஆபத்து எது வந்தாலும் முதலில் கத்தி எல்லோரையும் எழுப்புவது அவை இரண்டும்தான்.

ஒரு கோடையில் கூட்டில் நான்கு முட்டைகள் இருந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டை குளத்தில் இறங்கி வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர வைக்கும். அதுவரை சேவல் காவல் இருக்கும்.

அன்று தண்ணீர் இதமாக இருந்தது. 'இன்னும் ஒரு முழுக்கு' என்று பெட்டை நின்றுவிட்டது. தலையைத் தூக்கியபோது புல்வெளி பற்றி எரிந்தது! சேவல் முட்டைகளை விட்டு எழவே இல்லை; அவற்றோடு வெந்துபோனது.

மழை வந்தது. புல் மறுபடி முளைத்தது. ஆள்காட்டிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அது வரவிடவில்லை என்பதே சரி. இலை அசைந்தால் கத்தியது. தவளை குதித்தால் கத்தியது. மேய்கிற பிராணிகள் அலறியடித்து ஓடின. பிறகு, ஒன்றுமில்லை என்று முனகிக்கொண்டே திரும்பின.

"இன்றைக்கு மட்டும் ஏழு தடவை ஓடிவிட்டேன்! என் கால் என்ன இரவல் காலா?" என்று எருமை சீறியது. "இதை இங்கிருந்து விரட்டுங்கள்!"

"பொறு. நான் போய்ப் பேசுகிறேன்" என்றது முயல். அதே தீயில் மூன்று குட்டிகளைப் பறிகொடுத்த முயல் அது.

முயலைக் கண்டதும் ஆள்காட்டி தலை கவிழ்ந்தது. இத்தனை நாளும் அதன் கண்ணில் படாமல்தான் ஒதுங்கித் திரிந்தது.

"முயலக்கா, திட்டத்தானே வந்தாய்? திட்டு! நான் நேரத்துக்குக் கத்தியிருந்தால் உன் குட்டிகள் பிழைத்திருக்கும். அவர் வெந்துகொண்டிருந்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன்!"

முயல் அதன் அருகில் வந்து உட்கார்ந்தது.

"அன்று நான் எங்கே இருந்தேன் தெரியுமா? மேட்டில் அறுகம்புல் மேய்ந்துகொண்டிருந்தேன். இளம்புல். வயிறு நிறைந்த பிறகும் மேய்ந்தேன். இப்போது சொல், என் குட்டிகளை நான்தான் கொன்றேனா?"

ஆள்காட்டி பதறியது. "ஐயோ, என்ன பேச்சு இது! பால் கொடுக்கிற உடம்புக்குப் பசிக்காதா? தீ வரப்போகிறது என்று உனக்கு யார் சொன்னது?"

"உனக்கு யார் சொன்னது?"

ஆள்காட்டி கூடு இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தது.

"எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?" என்று முயல் கேட்டது.

"கண்ணை மூடினால், அவரை மறுபடியும் தனியே விட்டுப் போவது போல இருக்கிறது, அக்கா."

"எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போதும் சில நாள் இருக்கிறது. நீ கொஞ்சம் தூங்கு. நான் காவல் இருக்கிறேன். எனக்கென்ன, காதுக்கா பஞ்சம்!"

ஆள்காட்டி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நின்றே பார்த்தது. கடைசியில் முடியாமல் உட்கார்ந்தது. பட்டப்பகலில், மற்றவர்கள் நடுவில், அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிப்போனது.

"உஷ்! மெதுவாக நட!" என்று முயல் அந்தப் பக்கம் வந்த எருமையை அதட்டியது.

"நடந்தால்தானே!" என்று எருமை அங்கேயே படுத்துக்கொண்டது.

பொழுது சாயும் நேரம் ஆள்காட்டி விழித்தது. துக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் பசித்தது. ஈர மண்ணில் ஒரு புழுவைக் கொத்தி, கூச்சப்படாமல் விழுங்கியது.

பிறருக்குக் காட்டும் இரக்கத்தில் ஒரு பங்கை, பிழைத்திருக்கும் தனக்கும் காட்டத் தெரிய வேண்டும்.