பட்டனில் காய்ந்த சந்தனம்

"ஊரார் மெஷினெல்லாம் என் கையில எழுந்திருக்குது டீச்சர். என் வீட்டு மெஷின் மட்டும் எழமாட்டேங்குது."

வைரவன் தூக்கி வந்த கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்தார். இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

ஜீனத் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அவருக்கு ஐம்பத்தெட்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழுதுபார்க்கும் கடையில் அவள் குரு, அவர் சீடர். ஐந்து மாதமாக அப்படித்தான்.

"கொண்டுவாங்க, கொண்டுவாங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்! இன்னிக்குத்தான் மனசு வந்துச்சாண்ணே?"

"இருதயராஜ் காலையில மறுபடி போன் பண்ணினான்."

இருதயராஜுக்குக் கண் தெரியாது. அவனோடு சேர்த்துக் கண் தெரியாத பதினோரு பேர் கல்லூரியில் படிக்கிறார்கள். வைரவனின் மனைவி தெய்வானை அவர்களுக்காகப் பாடங்களை வாய்விட்டுப் படித்து, இந்தக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பதினாறு பாடங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. பதினேழாவது உள்ளேயே இருக்கிறது.

அடுத்த வாரம் பரீட்சை.

தெய்வானை இறந்து ஆறு மாதம்.

"என்னென்ன பார்த்தீங்க?"

"ஒயர் மாத்திட்டேன். கரண்டு கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி புதுசு போட்டேன். ரேமைக் கழற்றி ரப்பரால துடைச்சேன். போர்டு செத்துப்போச்சு டீச்சர்."

"அது நீங்க சொல்றது."

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா, பசங்ககிட்டச் சொல்லிடுவேன்."

ஜீனத் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். மின்சாரம் கொடுத்தாள். முன்பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயரைப் போர்டிலிருந்து பிடுங்கினாள். அது செருகியிருந்த இடத்தில் இரண்டு ஊசிகள் தெரிந்தன. பட்டனை அழுத்துவதற்குப் பதிலாக, ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டையும் சேர்த்துத் தொட்டாள்.

ஃபேன் சுற்றியது.

வைரவன் ஓரடி பின்வாங்கினார். சந்தோஷப்படுகிறவன் அப்படிப் பின்வாங்க மாட்டான்.

ஜீனத் மெஷினை அணைத்தாள். ஒயரைப் பழையபடி செருகினாள்.

"போர்டு சாகலை. பட்டனைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்படிப் பார்த்தீங்க? அழுத்திக் காட்டுங்க."

அவர் சுண்டுவிரல் நகத்தால் பட்டனின் ஓரத்தை அழுத்தினார். பட்டன் அசையவில்லை. அதன் நடுவில் பெரிய சந்தனப் பொட்டு. சந்தனத்தின்மேல் குங்குமம். சந்தனம் வழிந்து, பட்டனைச் சுற்றியிருந்த இடுக்கில் இறங்கிக் கல்லாய்க் காய்ந்திருந்தது.

"போன வாரம் ஒருத்தர் மெஷின் செத்துப்போச்சுன்னு தலையில அடிச்சுக்கிட்டு வந்தாரு. சுவர்ல ஸ்விட்சே போடலை. அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"முதல்ல வெளியே பாருங்க, அப்புறமா உள்ளே பாருங்கன்னு சொன்னேன்."

"சொல்லும்போது சிரிச்சீங்க வேற."

வைரவன் தலை குனிந்துகொண்டார்.

"ஆயுத பூஜைக்கு வச்சதாண்ணே?"

"அவ வச்சது. மோதிர விரலால. கிட்ட வந்து பாருங்க டீச்சர், ரேகைகூடத் தெரியும்."

ஜீனத் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியுது," என்றாள்.

பிறகு சொன்னாள்: "இதைத் துடைக்க வேண்டாம்ணே. ஸ்க்ரூடிரைவரால தொட்டுத் தொட்டே ஓட்டிக்கலாம். மூடியை மட்டும் மூட முடியாது. எப்பவும் திறந்தே கிடக்கும்."

"கிடக்கட்டும்."

"சரி."

ஆனால் அவள் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை.

"உங்க வழக்கம் எனக்குத் தெரியாது, அதனால கேக்குறேன். பொட்டு வச்ச மறுநாள் என்ன செய்வீங்க?"

"பூஜையன்னைக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது. இதையும் தொடவிட மாட்டா. மறுநாள் விஜயதசமி. விடிஞ்சதும்..."



"விடிஞ்சதும்?"

"ஈரத்துணியால அவளே பொட்டைத் துடைப்பா. துடைச்சுட்டு உட்கார்ந்து, ஒரு பக்கமாவது படிச்சாகணும்னு சொல்வா. அப்பத்தான் பூஜை முடியும்பா."

"இந்தத் தடவை?"

"அன்னைக்கு விடியும்போது ஆஸ்பத்திரியில இருந்தோம்."

கீழே ஒரு கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான்.

ஜீனத் பக்கவாட்டு மூடியை மாட்டினாள். திருகாணிகளை முறுக்கினாள். மானிட்டரையும் மவுஸையும் இணைத்தாள். கம்ப்யூட்டரின் முகத்தை அவர் பக்கமாகத் திருப்பினாள். ஒரு துணியை நனைத்து, பிழிந்து, அருகில் வைத்தாள்.

வைரவன் துணியைப் பார்த்தார்.

மெஷின் ஓடவில்லை என்று அந்தப் பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தார். ஒருமுறைகூட அது பொய்யில்லை. ஒருமுறைகூட அது உண்மையுமில்லை. பழுது பட்டனில்தான் என்று சுண்டுவிரலுக்குத் தெரிந்திருந்தது. தனக்கு எப்போதிலிருந்து தெரியும்?

துணியை அவர் எடுக்கவில்லை.

கட்டைவிரலைப் பொட்டின்மேல் வைத்தார். அழுத்தினார்.

காய்ந்த சந்தனம் உடையும் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான்.

ஃபேன் சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் தெய்வானையின் பதிவுகள் வரிசையாய் வந்து நின்றன. கடைசியில் பதினேழு.

மவுஸை எடுக்கக் கை நீட்டினார். கை பாதியில் நின்றது. கட்டைவிரலெல்லாம் சந்தனத்தூளும் குங்குமமும்.

ஜீனத் ஈரத்துணியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"இடக்கையால பிடிங்கண்ணே," என்றாள்.