பெரியவனுக்குத் தச்ச வெல்வெட்டுச் சட்டை

ஏ பூரணி, காலை உள்ள இழு. இந்தா, இந்தக் கம்பளியையும் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுக்கோ. மார்கழிப் பனி, மண்டைக்குள்ள எறங்கிரும். என்னது, வேர்க்குதா? பேசாம படு. பெரியம்மாவுக்குத் தெரியாதாக்கும்! கதை வேணும்னா "ம்" கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு வீடியோக் கடை. நம்ம ராஜபாளையம் பக்கம்னு வச்சுக்கோயேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எதுன்னாலும் அந்தக் கடைதான். தம்பிக்காரன் பரமகுரு கேமராவத் தூக்கிக்கிட்டு மண்டபம் மண்டபமா அலைவான். அக்கா தவமணி கடைக்குள்ள உக்காந்து, அவன் எடுத்துட்டு வர்றத எல்லாம் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து ஒரே படமாக் கோத்துக் குடுப்பா. அதுக்குப் பேரு மிக்ஸிங். தாலி கட்டுற நேரத்துல பொண்ணோட அப்பா ஓரமாத் திரும்பிக் கண்ணத் தொடைப்பாரே, அந்த ஒரு நொடியத் தேடிப் பிடிச்சு வைக்கிறதுல அவள அடிச்சுக்க ஆளே கெடையாது.

அந்த வேலைக்குன்னே ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. சும்மா கம்ப்யூட்டர் இல்ல, அரிசி மூட்டை உசரத்துக்குக் கருகருன்னு ஒரு பெட்டி. வாங்குன புதுசுல மதுரைக்குத் தெக்க அந்த மாதிரி வேகம் எதுக்குமே இல்லன்னு பேச்சு. அதுக்கு அவ வச்ச பேரு பெரியவன். புள்ளகுட்டி இல்லாதவ பாரு, அவன்தான் அவளுக்கு மூத்த மகன். ம் எங்க? ஆங், அப்படி.

மகன்னா சும்மாவா? தூசி படக்கூடாதுன்னு சிவப்பு வெல்வெட்டுல சட்டை தச்சு, முன்பக்கம் மட்டும் திறப்பு விட்டு, தலையில இருந்து முதுகு வரைக்கும் போட்டு விட்டா. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்பக்கச் சல்லடை பூரா சந்தனத்த அப்பி, குங்குமம் வச்சா. வெள்ளிக்கிழமை தவறாம சட்டையக் கழட்டி வச்சிட்டு சாம்பிராணி காட்டுவா. அந்தக் காலத்துல புகைய முன்னாடி காட்டுனா, பெரியவன் சுர்ருன்னு உள்ள இழுத்து, பின்னாடி ஓட்டை வழியா புஸ்ஸுன்னு விடுவான். "பாருடா, சாமி ஏத்துக்கிருச்சு"ன்னு அவளுக்கு அம்புட்டுப் பெருமை.

ஒம்பது வருஷம் ஓடுச்சு. அப்புறம் என்னாச்சு? பெரியவன் சுணங்க ஆரம்பிச்சான். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு பகல். படம் எம்புட்டு முடிஞ்சிருக்குன்னு திரையில காட்டுற பச்சைக் கோடு இருக்கே, நூத்துக்கு மூணு, நூத்துக்கு நாலுன்னு நத்தையா ஊரும். உள்ள இருந்து கொர்ர்ர்... கொர்ர்ர்னு ஒரே எரைச்சல். எங்க, நீ சொல்லு? கொர்ர்ர்... அவ்வளவு மெதுவா இல்லடி, இன்னும் முக்கணும்.

ஒரு திங்கக்கிழமை பரமகுரு வந்தான். "அக்கா, சனிக்கிழமைக்குள்ள முறம்பு ஊர்க் கல்யாணப் படத்தக் குடுக்கணும். உன் பெரியவன் குடுத்தாச் சரி. இல்லன்னா ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரன வரச் சொல்லிட்டேன்."

"ஏய், எடைக்கா போடப் போற?"

"பழசாயிருச்சுக்கா. இனிமே மிக்ஸிங்க மதுரைக்கே அனுப்பிருவோம். நீயும் வீட்டுல கால நீட்டி உக்காரு. உனக்கும் முட்டி வலி."

அவன் நல்ல மனசோடதான் சொன்னான். ஆனா அவளுக்கு நெஞ்சுல முள்ளுத் தச்ச மாதிரி இருந்துச்சு. பெரியவன் போனா வேலை போச்சு. வேலை போனா அவ யாரு? விட்டத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா அவ பொறந்தா? அன்னைக்குச் சோறு எறங்கல, பாவம்.

மறுநாள் செவ்வாக்கிழமை எதிர்க்கடை செல்போன் ரிப்பேர்க்காரன் குமரேசன் வந்தான். "அக்கா, வயிறு நெறையத் தின்னுட்டு ஓடச் சொன்னா எவன் ஓடுவான்? ஒம்பது வருஷக் கல்யாணமும் உள்ள கெடக்கு. வேற டிஸ்க்குக்கு மாத்துங்க." வெளியில ஒரு டிஸ்க்க மாட்டி, எல்லாத்தையும் அதுக்கு மாத்தினா. ராத்திரி அணைச்சிட்டுப் போயி, மறுநாள் காலையில போட்டா, விர்ர்ருன்னு கெளம்புனான்! பத்து நிமிஷம். அம்புட்டுத்தான். அப்புறம் பழையபடி, கொர்ர்ர்.

அதே புதன்கிழமை அவனே திரும்ப வந்து, எல்லாத்தையும் அழிச்சுக் கழுவி, புதுசா எல்லாம் ஏத்தி, அணைச்சு வச்சுட்டுச் சாப்பிட்டு வந்து போட்டான். பத்து நிமிஷம் விர்ர்ர். அப்புறம்? ஆமா, கொர்ர்ர். "அக்கா, பெட்டியத் தெறந்து உள்ள ஒரு பார்வை பாத்துருவோமா?"ன்னான்.

"டேய்! அந்த ஸ்டிக்கர்ல கை வச்ச, கையி இருக்காது!"

என்ன ஸ்டிக்கர்னு கேக்குறியா? பெட்டி ஓரத்துல விக்கிறவன் ஒட்டியிருந்தது. இதக் கிழிச்சா கேரண்டி கெடையாதுன்னு அதுல எழுதியிருக்கும். கேரண்டி எத்தன வருஷம்? மூணு வருஷம்! ஓடுனது எத்தன? ஒம்பது! ஆனாலும் இவ அந்தத் துண்டுக் காயிதத்த தாலிக்கொடி கணக்காக் காப்பாத்திக்கிட்டிருந்தா. சிரிக்காதடி, உங்க பெரியப்பா இன்னும் பிரிட்ஜ் கதவுல கவர் பிரிக்காம வச்சிருக்காரு.

வியாழக்கிழமை பூரா கெஞ்சிப் பார்த்தா. "ராசா, ஒரே ஒரு படம்டா. மானத்தக் காப்பாத்து." ஊஹும். வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. கண்ணு பட்டிருக்கும், ஊர்க் கண்ணு சும்மா இருக்குமான்னு அவளே முடிவு கட்டிட்டா. எலுமிச்சம்பழம் சுத்திப் பிழிஞ்சா. சட்டையக் கழட்டினா. எப்பவும் ஒரு கரண்டி போடுற எடத்துல மூணு கரண்டி சாம்பிராணியப் போட்டு, தூபக்கால முன்னாடி கொண்டு போயி நீட்டினா. குப்புன்னு புகை.

அப்போ என்ன நடந்துச்சு தெரியுமா? பெரியவன் புகைய வாங்கவே இல்ல. சல்லடையில போயி முட்டின புகை அப்படியே திரும்பி அவ மூஞ்சியில அடிச்சுது. லொக்கு லொக்குன்னு இருமல். பின்னாடி போயிப் பார்த்தா, ஒரு இழை வெளிய வரல. ஓடிக்கிட்டிருந்தவன் டொப்புன்னு அணைஞ்சே போனான்.

"ஐயையோ, சாமி கோவிச்சுக்கிருச்சே!" தவமணிக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பயந்து போயி பெட்டி மேல கைய வச்சா. தோசக்கல்லு! சுரீர்னு எடுத்துட்டா. அப்படியே நின்னா. நின்னு யோசிச்சா. காலையில ஆறி இருக்கையில பத்து நிமிஷம் ஓடுறான். சூடானா படுத்துக்கிறான். அணைச்சு வச்சு எடுத்தா திரும்பப் பத்து நிமிஷம் ஓடுறான். முன்னால மூச்ச இழுத்து விட்டவன் இப்போ இழுக்கவும் மாட்டேங்கிறான், விடவும் மாட்டேங்கிறான்.

"அட பாவி மக்கா," தலையில அடிச்சுக்கிட்டா. "இவனுக்கு வயசாகலடா. மூச்சு அடைச்சிருக்கு!"

"குமரேசா! ஸ்க்ரூட்ரைவர எடுத்துக்கிட்டு ஓடி வா!"ன்னு கத்தினா. அவன் வந்தான். ஆனா ஸ்டிக்கர அவளே கிழிச்சா. சர்ர்ர். ம் கொட்டு, முக்கியமான எடம்.

மூடியத் தெறந்தா... அம்மாடியோவ்! உள்ள ஒரு தலகாணிப் பஞ்சு அளவுக்குத் தூசி. சூட்ட வெளிய தள்ளுற காத்தாடி ரெக்கையில ஒம்பது வருஷ சாம்பிராணிப் பிசுக்கு. சல்லடை ஓட்டை அத்தனையிலயும் சந்தனம் கட்டி தட்டிக் கெடக்கு. பின்னாடி காத்துப் போற வழிய வெல்வெட்டு நாரு வந்து அடைச்சிருக்கு. ஒரு காஞ்ச செவ்வந்தி இதழ் வேற, எந்த வருஷத்துப் பூவோ.

"அக்கா, சூடு ரொம்ப ஏறுனா, உள்ள மூளையா இருக்கிற சில்லு கருகிரக் கூடாதுன்னு அதுவாவே வேகத்தக் கொறைச்சுக்கிரும்," குமரேசன் மெதுவாச் சொன்னான். "இவன் சோம்பேறித்தனம் பண்ணல. உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்கான்."

தவமணி உக்காந்து அழுதா. வேற எவனும் கெடுதல் பண்ணலையே, எல்லாம் அவ கையாலதானே! ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஒவ்வொரு ஆயுத பூஜையும், ஆசை ஆசையா அவளே ஊட்டி அடைச்சது. "மன்னிச்சுக்கோடா ராசா"ன்னு ஒரு பெட்டியப் பாத்துச் சொல்லி அழுகுறா. குமரேசன் பாவம், மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டான்.

அப்புறம் அழுத கண்ணத் தொடச்சுக்கிட்டு வேலையில எறங்கினா. பஞ்சர் கடை சைக்கிள் பம்பு வந்துச்சு. புஸ்ஸு, புஸ்ஸு! பெயிண்ட் பிரஷ் வந்துச்சு. சரக்கு, சரக்கு! சந்தனத்த ஊசியால ஓட்டை ஓட்டையாக் குத்தி எடுத்தா. சில்லு மேல காஞ்சு போயிருந்த பசையச் சுரண்டிட்டு, குமரேசன் மிளகு அளவுக்குப் புதுப் பசை வச்சான். மூடினாங்க. பட்டனத் தட்டுனா, விர்ர்ர். பத்து நிமிஷம் ஆச்சு, விர்ர்ர். இருபது ஆச்சு. அரை மணி ஆச்சு. பின்பக்கம் கைய வச்சுப் பார்த்தா, வெதுவெதுன்னு காத்து வருது. பச்சைக் கோடு நாலு கால் பாய்ச்சல்ல ஓடுது. சனிக்கிழமை சாயங்காலம் படம் ரெடி, பொண்ணோட அப்பா கண்ணத் தொடைக்கிற நொடி உள்பட.

ஞாயித்துக்கிழமை இரும்புக்காரன் தராசோட வந்து நின்னான். பரமகுரு படத்தப் பார்த்தான், பெரியவனப் பார்த்தான், அக்காவப் பார்த்தான். "அக்கா, உன்னையும் சேர்த்துப் பழசுன்னு ஓரங்கட்டப் பார்த்துட்டேன்"னான்.

"நானே ஒம்பது வருஷம் தெறந்து பாக்கல, நீ என்னத்தப் பாத்த? போ, அடுத்த கல்யாணத்த எடுத்துட்டு வா," அப்படின்னா.

இரும்புக்காரன் விடல. "யம்மா, கூப்பிட்டு விட்டீங்க, வெறுங்கையோட போகவா?"

அவ யோசிச்சா. உள்ள போனா. அந்தச் சிவப்பு வெல்வெட்டுச் சட்டைய எடுத்து ஒரு தடவ தடவிப் பார்த்துட்டு, அவன் கையில குடுத்தா. அவன் அதைத் தன் வண்டி சீட்டுக்குப் போட்டுக்கிட்டு ராசா மாதிரி போனான். அடுத்த வெள்ளிக்கிழமையில இருந்து பொட்டு மானிட்டர் ஓரத்துக்கு, சாம்பிராணி வாசப்படியோட சரி. பெரியவனுக்குப் பிரஷ் மட்டும்.

ம் எங்க காணோம்? பூரணி? ஏ பிள்ள... அடி ஆத்தீ, கழுத்தெல்லாம் தண்ணியா ஊத்துதே. தலகாணி பூரா ஈரம். வேர்க்குதுன்னு அப்பவே சொன்னா பிள்ள, நான்தான் கேக்கல. எம்புட்டு வாய் பேசுறேன் நானு! இந்தா, கம்பளி வேண்டாம், போ. சன்னலையும் கொஞ்சம் தெறந்து விடுறேன். ஆங்... மூச்ச நல்லா இழுத்து விடு, கண்ணு.

பெரியவனுக்கும் காத்து வந்துச்சு, பூரணிக்கும் காத்து வந்துச்சு, கதையும் ஆச்சு. தூங்கு.