மோதிரம் போட்ட காக்கை

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னாலே, ஆறு போன வழியெல்லாம் வாழை நின்ற காலத்திலே, மருதங்கோட்டைச் சீமையைத் திருமேனிராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார்.

அந்த அரண்மனையில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. காலையில் ராஜா பின்கட்டுக்குப் போய், வயிறு லேசாகித் திரும்பி வந்தால் முரசு முழங்கும். முரசு முழங்கினால்தான் சபை கூடும். அவருடைய பாட்டனார் காலத்தில் சேவலும் முரசும் சேர்ந்தே கூவும். இப்போதோ சூரியன் உச்சிக்கு வந்தாலும் முரசைக் காணோம். பின்கட்டிலிருந்து “ஹும்ம்ம்ம்” என்று ராஜா முக்குகிற சத்தம்தான் வரும். வழக்கு சொல்ல வந்த சனமெல்லாம் வாசலிலே உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்துவிடும்.

எல்லாம் மடைப்பள்ளி அதிகாரி கனகசபாபதி செய்த வேலை. தோலும் நாரும் தொழுவத்துக்கு, சதையும் சாறும் மகாராஜாவுக்கு என்பது அவர் போட்ட சட்டம். அரிசியை முத்து மாதிரி தீட்டித்தான் உலையில் போடுவார்கள். பயறுக்குத் தோல் கிடையாது. திராட்சையைக்கூட உரித்துத்தான் வைப்பார்கள். கீரைக்கட்டு மடைப்பள்ளி வாசலோடு சரி. சீவினது, உரித்தது, கழித்தது எல்லாம் பட்டத்து யானை மேகராசனுக்குப் போகும். அதுவோ வேளை தவறாமல் மலை மலையாய்ப் போட்டுவிட்டுச் சுகமாய் ஆடிக்கொண்டு நிற்கும். ராஜா உப்பரிகையிலிருந்து பார்த்து, “கொடுத்து வைத்த பிறவி” என்று பெருமூச்சு விடுவார்.

ஒருநாள் மந்திரி குழைக்காதர் மெதுவாகச் சொன்னார்: “மகாராஜா, கொஞ்சம் கீரை, கொஞ்சம் வாழைத்தண்டு சேர்த்துப் பார்த்தால்...”

கனகசபாபதி கையைக் கொட்டினார். “கேட்டீர்களா பிரபு! தங்களைக் கொண்டுபோய் யானைத் தொழுவத்தில் கட்டச் சொல்கிறார் மந்திரி!”

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு ஏற்கெனவே வயிற்று உப்புசம், இப்போது கோபமும் சேர்ந்துகொண்டது.

“மந்திரியாரே, எனக்கு நீர் மருந்து தரக்கூடாது, சோறும் தரக்கூடாது, இதைச் சாப்பிடு என்று சொல்லவும் கூடாது. ஆனால் பௌர்ணமிக்குள் முரசு விடியலிலே முழங்க வேண்டும். இல்லையென்றால் உம்முடைய முத்திரை மோதிரம் கனகசபாபதிக்கு. நீர் சீமையை விட்டே போகலாம்.”

குழைக்காதர் ராஜாவைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். வேண்டும் என்றால் வேண்டாம் என்பார், தொடாதே என்றால் தொடாமல் இருக்க மாட்டார்.

“அப்படியே ஆகட்டும் பிரபு. ஒரே ஒரு அனுமதி வேண்டும். தொழுவத்துக்குப் போகிற சரக்கில் கொஞ்சம் எனக்கு வேண்டும். நந்தவனத்தில் நானே சமைத்து நானே சாப்பிடுவேன். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. தாங்களும்தான்.”

“சீச்சீ! அதை யார் தொடுவார்?” என்றார் ராஜா.

மறுநாள் குழைக்காதர் பீர்க்கங்காய்த் தோலை நல்லெண்ணெயில் வதக்கினார். உளுந்தும் மிளகாயும் வறுத்து, புளி வைத்து, அம்மியில் கரகரவென்று அரைத்தார். வாசனை படியேறி உப்பரிகைக்கே போய்விட்டது.

“மந்திரியாரே! அது என்னய்யா வாசனை?”

“தோல், பிரபு. தொழுவத்துச் சரக்கு. தாங்கள் முகர்ந்து பார்க்கக்கூட லாயக்கில்லை.”

சொல்லிவிட்டு, விரலை ஒவ்வொன்றாய் நக்கி நக்கிச் சாப்பிட்டார். மிச்சத்தை மூடி வைத்துவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்தால் துவையலில் குழி! குழிக்குப் பக்கத்தில் வட்டமாய் ஒரு மோதிரத் தடம்!

“அடடா, இந்த ஊர்க் காக்கை விரலில் மோதிரமெல்லாம் போட்டிருக்கிறதே!” என்றார் மந்திரி, வானத்தைப் பார்த்து. செண்பகச் செடிக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

எடுத்த எடுப்பில் குவித்தால் வயிறு கடமுடாவென்று சண்டைக்கு வரும் என்று மந்திரிக்குத் தெரியும். அதனால் மிச்சம் வைப்பதை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். வாழைத்தண்டுப் பொரியல் வந்தது. தோலோடு பச்சைப்பயறுச் சுண்டல் வந்தது. தீட்டாத கைக்குத்தல் அரிசிச் சோறும் முருங்கைக்கீரையும் வந்தன. நார் உள்ளே போனால் நீரும் போக வேண்டுமே, பக்கத்தில் ஒரு பானை நீர்மோரும் வைத்தார். காக்கை எதையும் விடவில்லை.

பௌர்ணமியன்று விடியலில், சேவல் கூவுமுன்னே, டமடமடம என்று முரசு! முரசடிப்பவன் தலைப்பாகையை மறந்துவிட்டு ஓடிவந்து அடித்தான். மேகராசன் பிளிறியது. வாசலில் சனம் கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடித்து ஆடியது.

சபை கூடியதும் கனகசபாபதி முந்திக்கொண்டார். “பிரபு! அடியேன் கிண்டிய பாதாம் அல்வா வேலை செய்துவிட்டது! மந்திரி தங்களுக்கு ஒரு பருக்கையாவது தந்தாரா? மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள்!”

எல்லாரும் குழைக்காதரைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த வார்த்தை, சபை நடுவே ராஜாவைத் திருடனாக்கிவிடும். அவர் மோதிரத்தைக் கழற்றினார்.

“உண்மைதான் பிரபு. நான் எதுவும் தரவில்லை. அதிகாரியின் அல்வாதான் மருந்தென்றால், இனி அதையே தினமும் சாப்பிடுங்கள். நான் என் துவையல் சட்டியை உடைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.”

“சட்டியை உடைக்கிறதா!” ராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளிக் குதித்தார். “நில்லும்! உடைத்துவிடாதேயும்!”

சபை வாயைப் பிளந்தது. ராஜா தொண்டையைக் கனைத்தார். தம் விரலில் கிடந்த மோதிரத்தைத் தூக்கிக் காட்டினார். கல்லின் இடுக்கில் துவையல் காய்ந்து கிடந்தது.

“அந்தக் காக்கை நான்தான். மந்திரி தரவில்லை. நானே திருடித் தின்றேன்.”

முதலில் யாரோ ‘களுக்’ என்றார்கள். அப்புறம் சபையே உருண்டு சிரித்தது, ராஜாவும் சேர்ந்துதான்.

“மோதிரத்தை மாட்டும் மந்திரியாரே. சரி, திருட்டுக்கு என்ன தண்டனை?”

“திருடினதையே தினமும் தின்ன வேண்டும் பிரபு. தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும்.”

“ஒப்புக்கொண்டேன்! யானையின் பங்கில் கை வைத்ததற்கு ஈடாக அதற்கொரு கரும்புத் தோட்டம். கனகசபாபதி, செய்யாத வேலைக்குப் பேர் வாங்கப் பார்த்தீரே, இனி செய்கிற வேலைக்கே வாங்கும். விடியலில் முரசடிப்பது உம் பொறுப்பு!”

சிரித்துக்கொண்டே எல்லாரும் சாப்பிடக் கலைந்தார்கள். முரசுக் கோலும் கையுமாகக் கனகசபாபதி மட்டும் நின்றார். அவரும் இத்தனை காலம் ராஜாவின் பந்தியில்தான் சாப்பிட்டவர். வயிற்றை ஒருமுறை தடவிக்கொண்டார். நந்தவனப் பக்கம் போனார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, சட்டியிலிருந்து ஒரு வாழையிலை நிறையத் துவையலை அள்ளி மடித்து, அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக விறுவிறுவென்று நடந்து போனார்.